இடப்பக்க இருக்கை

வங்கியிலிருந்து கடிதம்:
முழுதாக அடைக்க இருபத்தேழாயிரத்து எண்ணூற்று அறுபது வெள்ளி.
பதினான்கு நாள்தான் இந்தத் தொகை செல்லும்,
பிறகு வேறு கணக்கு.
ரொட்டிப் பொட்டலம் மாதிரி
கடனுக்கும் ஒரு தேதி.

நான்கு வருஷமாக ‘என் பெர்சோனா’ என்றுதான் சொல்லிவந்தேன்.
கிராண்டை விரித்தால்
என் பெயருக்குக் கீழே வங்கியின் பெயர்,
மாடியில் குடியிருக்கும் வீட்டுக்காரர் போல,
சத்தமே இல்லாமல்.
என்னுடையது என்று வாசனையைத்தான் சொல்லலாம்:
டெட்டால், மிதியடிக்கடியில் செம்மண்,
இரவு வேலை முடிந்து இருட்டில் தின்ற நாசி லெமாக்.

ஆ லியோங் டார்ச் அடித்துச் சுற்றி வந்தான்.
பானெட்டில் உள்ளங்கை அளவு பள்ளம்.
லாடாங் ரோட்டில் முன்னால் போன லோரியிலிருந்து
செம்பனைக் குலை ஒன்று குதித்த இடம்.
அன்றைய விலைக்கு அந்தக் குலை பதினெட்டு வெள்ளி.
பள்ளத்துக்கு முந்நூறு கழித்தான்.
அவசரக்காரி என்று அவனுக்குத் தெரியும்.
பகாவில் இந்த மாதம் அயர்லாந்துக்குப் போகிற தாதி
நான் ஒருத்திதானே.
இருபத்தையாயிரத்து இருநூறு. அதற்கு மேல் ஒரு காசு இல்லை.

அப்படியானால்
வண்டியை விற்க
நான்தான் பணம் கட்ட வேண்டும்.
கால்குலேட்டரில் மூன்று முறை போட்டுப் பார்த்தேன்.
அதற்கு இரக்கம் கிடையாது.

அன்றிரவு சற்குணன் வந்தான், ஹெல்மெட்டைக் கழற்றாமலே.
“ஏன்க்கா நஷ்டத்துக்கு விக்கிற? சம்போங் பாயார் போட்டுக்கலாம்.
வண்டி என்கிட்ட, பேரு உன்கிட்ட.
மாசம் பொறந்தா டான்னு கட்டிடுவேன்.
நீ அங்க போயிட்டா எவன் வந்து பாக்கப்போறான்?”

என்னைத் தேடி வரமாட்டார்கள்தான்.
கடன் தாளின் கடைசிப் பக்கத்தில்
தவமணியின் கையெழுத்து இருக்கிறது.
ஆலைத் தராசுக்கூண்டில் உட்கார்ந்து
லோரி எடை குறிக்கிறவள்.
ஒரு கிலோ கூடக்குறைய விடாதவள்,
ஜாமீன் போட வந்த அன்று
ஒரு வரிகூடப் படிக்காமல் எழுதினாள்,
கூலியாக ஐஸ் காச்சாங் கேட்டாள்,
சோளத்தை மட்டும் ஒதுக்கிவிட்டுத் தின்றாள்.

இன்னும் அறுபது மாதம்.
சற்குணனின் ‘டான்’ எத்தனை மாதம் கேட்கும் என்று
அவன் அம்மாவிடமே விசாரிக்கலாம்.
வேண்டாம் என்றேன்.
இப்போதெல்லாம் மளிகைக் கடையில்
வெங்காயத்தை உற்றுப் பார்த்தபடி என்னைக் கடக்கிறான்.

ஐஸ்பெட்டி பாலர் பள்ளி டீச்சர் வீட்டுக்குப் போனது.
துணி மெஷினை எதிர்வீட்டு கமாரியா
இரண்டு தவணையில் எடுத்துக்கொண்டாள்
(கடன் கொடுக்கவும் ஒருநாள் வாய்த்தது).
குளிர்கோட்டுக்கு வைத்திருந்தது மீதியை அடைத்தது.

ஜேபிஜே முகப்பில் கட்டைவிரல் வைக்கச் சொன்னார்கள்.
இயந்திரத்துக்கு என்னைத் தெரியவில்லை.
“செகாலி லாகி,” என்றாள் அந்தப் பெண், முகம் நிமிராமல்.
பதினோரு வருஷம், நாளைக்கு நாற்பது தடவை
ஸ்பிரிட் தேய்த்த விரல்.
சட்டையில் துடைத்தேன், ஊதினேன், நெற்றி வியர்வையில் தொட்டு வைத்தேன்.
நான்காம் முறை பச்சை.
இங்கேயே இப்படி என்றால்
டப்ளினில் எத்தனை முறை ஊத வேண்டுமோ.

பஸ் மூன்று மணிக்குத்தான்.
“ஏறு, விட்டுடறேன்,” என்றான் ஆ லியோங்.
அந்த வண்டியில் முதல் முறையாக
இடப்பக்கம் உட்கார்ந்தேன்.
இருக்கையைப் பின்னுக்குத் தள்ளினான்,
கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பினான்,
ரேடியோவில் சீன நிலையத்தைப் பிடித்தான்.
பத்து விநாடிகூட ஆகவில்லை.
இந்தப் பக்கக் கதவில் ஒரு குழி இருப்பதும்
அதில் யாரோ புளிப்பு மிட்டாய்த் தாள் செருகியிருப்பதும்
இன்றுதான் கண்ணில் பட்டது.

லாடாங் முனையில் முன்னால் ஒரு லோரி,
குலைகள் விளிம்புக்கு மேல்.
அவன் ஒட்டிக்கொண்டே போனான்.
“தள்ளி வா, குலை விழும்,” என்றேன்.
சிரித்தான். தள்ளவில்லை.

சரி, இனி அது அவன் பானெட்.

என் வலது கால் மட்டும்
பாலம் வரைக்கும்
வெறும் மிதியடியை அழுத்திக்கொண்டே வந்தது.